சரிவில் கீழே யாரும் நிற்கக் கூடாது

டாரன்வேல்
6 ஜூலை 1964

நெவில் அவர்களுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போடத் தோன்றும். போடுவதற்கு முன் கொஞ்சம் படித்துவிடுங்கள். உங்களிடம் எதையும் திருப்பிக் கேட்க எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கவும் எழுதவில்லை. கனமான சாமான் ஏற்றி இறக்குவது உங்கள் தொழில், அதனால் சக்கரம் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

டாக்டர் ஃபோர்சைத்தின் மனைவி ஊரை விட்டுப் போகும்போது வீட்டிலிருந்த கிராண்ட் பியானோவை ஊர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எட்டுப் பேர் தூக்கி வந்து மன்றத்தின் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். அங்கேயே கிடக்கிறது. ஆகஸ்ட் எட்டாம் தேதி சனிக்கிழமை மெல்பர்னிலிருந்து ஒருவர் வந்து வாசிக்கப்போகிறார். அதற்குள் அதைப் பெரிய கூடத்துக்கு ஏற்றியாக வேண்டும். சாப்பாட்டு அறையிலிருந்து கூடத்துக்கு ஏறும் பலகைச் சரிவு உங்களுக்கு நினைவிருக்கும்.

"அதுலதான் சக்கரம் இருக்கே, தள்ளினா தானா போகுது" என்கிறார்கள். கால் நுனியில் இருக்கும் பித்தளைச் சக்கரங்களைச் சொல்கிறார்கள். நேற்று நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு சாண்கூடப் போயிருக்காது, பின்காலுக்குள்ளிருந்து மரம் முறுக்கிக்கொள்வதுபோல ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன்.

சரிவில் கீழ்ப்பக்கம் நின்று தள்ளப்போவது ஹெக்டர். மன்றக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். மாவு மூட்டை தூக்கிப் பழகியவர், பியானோவையும் ஒரு மூட்டை என்றே நினைக்கிறார். நான் வாயைத் திறந்தால், "உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.

என்ன மாதிரிச் சக்கரம் போட வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள். போன் செய்ய வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்னும் மேவிஸ்தான் உட்கார்ந்திருக்கிறாள், எல்லாப் பேச்சையும் ஒட்டுக்கேட்பாள். நான் எழுதுவது ஹெக்டருக்குத் தெரியாது. பேக்கரிக்கு வரும் தபாலை நான்தான் வாங்குகிறேன், என் பெயருக்கே எழுதுங்கள்.

வெர்னா


ஃபுட்ஸ்க்ரே
10 ஜூலை 1964

வெர்னா,

என்ன திடீரென்று "நீங்கள்", "அவர்களுக்கு"? ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் நீ, வா, போ என்று இருந்துவிட்டு, இப்போது மட்டும் மரியாதை எங்கிருந்து வந்தது? அதை நீயே வைத்துக்கொள். நாயையும் நீதானே வைத்துக்கொண்டாய். டிக் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. ரொட்டிக்காரருக்காக மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பின்காலிலிருந்து சத்தம் வந்தது என்ற வரியில் மாட்டிக்கொண்டேன்.

கேட்டுக்கொள். அந்தப் பித்தளைச் சக்கரங்கள் கல்யாண நாள் செருப்பு மாதிரி. போட்டுக்கொண்டு நிற்கலாம், நடக்க முடியாது. பெருவிரல் தடிமன் இல்லாத சக்கரத்தில் அரை டன் எடை நிற்கிறது. பலகை இடுக்கில் ஒன்று சிக்கினால் போதும், சக்கரம் நின்றுவிடும், பியானோ நிற்காது. அந்த நேரத்தில் கால் மடங்கும். மொத்தம் மூன்று கால்கள்தான். ஒன்று போனால் மற்ற இரண்டும் எதையும் தாங்காது.

போன வருஷம் பிரன்ஸ்விக்கில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். நாங்கள் போய்ச் சேருமுன்பே அந்த வீட்டுக்காரரும் மச்சானும் பொறுமையில்லாமல் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் ஸ்டான் ஓடிப் போய்த் தாங்கிப் பிடிக்கப் பார்த்தான். அதைத் தாங்க முடியாது, வெர்னா. யாராலும் முடியாது. அவன் இப்போது லிஃப்ட் இயக்கும் வேலை பார்க்கிறான், உட்கார்ந்தே செய்கிற வேலை. அன்றைக்கு அவன் கத்தவே இல்லை. "நெவில், என் கால் எங்கடா இருக்கு, பாத்துச் சொல்லு" என்று என்னை நிதானமாகக் கேட்டான். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அதனால் சொல்கிறேன். காலில் சக்கரம் மாட்டுகிற பேச்சே வேண்டாம். மூன்று கைகள் உள்ள இரும்புச் சட்டம் ஒன்று வேண்டும். மூன்று கால்களும் அதில் உட்கார வேண்டும், ஒரு கால் மட்டும் தனியாக ஓட முடியாதபடி. சட்டத்துக்கு அடியில் உள்ளங்கை அகலச் சக்கரங்கள், இரட்டைச் சக்கரமாக, எல்லாப் பக்கமும் திரும்புகிறதாக. ரப்பராக இருக்கட்டும்.

அவரிடம் சொல். கேட்கவில்லை என்றால் கட்டிப் போடு.

நெவில்


டாரன்வேல்
15 ஜூலை 1964

நெவில்,

டிக் போன குளிர்காலத்தில் செத்துப்போனான். உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கொல்லையில் பெப்பர் மரத்தடியில் புதைத்திருக்கிறோம். குழி தோண்டியது ஹெக்டர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டானைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஹெக்டர் குளித்துவிட்டு வரும்போது அவர் காலைப் பார்க்கிறேன். ரொட்டித் தட்டை இறக்கிவைக்கும்போது முழங்காலைப் பார்க்கிறேன். "என்ன, என் பேன்ட் கிழிஞ்சிருக்கா?" என்று கேட்கிறார்.

உன் யோசனையை என் யோசனைபோலக் கமிட்டியில் சொன்னேன். சட்டம் சரி என்றார்கள். ரப்பர் என்றதும் மிஸ்ஸஸ் டன்ஸ்டன் எழுந்து நின்றுவிட்டார். நடனத் தரைக்கு அவர்தான் இப்போதும் ராணி. "ரப்பரு கறுப்புக் கோடு போடும். முந்தின ராத்திரி பொண்ணுங்களை ஊருக்கு அறிமுகப்படுத்துற நடனத்துக்குன்னு பளபளன்னு தேச்சு வைக்கிற தரை அது. என் தரையில கோடு விழுந்துச்சுன்னா அந்தப் பியானோவை நானே கோடாலி எடுத்துப் பொளப்பேன்" என்றார். இரும்புச் சக்கரம் போதும் என்று அவர் கட்சி. ஹெக்டரும் தலையாட்டினார். தரைக்காக அவ்வளவு பேசினார்கள். தள்ளுகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இரும்பு போதுமா? உண்மையைச் சொல்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இரண்டு நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்துக் கடைசியில் எழுதுகிறேன். உனக்கு ஹெக்டரைப் பிடிக்காது. பிடிக்க நியாயமும் இல்லை. கோர்ட்டு வாசலில் "அவன் நல்லா இருக்க மாட்டான்" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நீ சொல்கிற சக்கரத்தை நம்பி அவரை அதன் கீழே நிறுத்தலாமா? கோபப்படாமல் பதில் எழுது.

வெர்னா


ஃபுட்ஸ்க்ரே
20 ஜூலை 1964

வெர்னா,

கோபப்படாமல் எழுது என்கிறாய். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது.

ஆமாம், சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். கதவு தட்டி ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் என் வீட்டையே எடுத்துக்கொண்டு போனால் நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் பியானோவின் கீழே ஒரு மனிதனை நான் பார்த்திருக்கிறேன். அது ஹெக்டராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது, தெரிந்துகொள். ஏதாவது ஆகிவிட்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? "பழைய புருஷன் வேணும்னே சொல்லிக்கொடுத்தான்" என்பார்கள். மேவிஸுக்கு அது ஒரு வருஷத் தீனி. உனக்குப் பதில் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு வம்பே இல்லை. எழுதிவிட்டேன், இனி அந்தச் சரிவில் நானும் நிற்கிறேன்.

இரும்பு வேண்டவே வேண்டாம். மரத்தில் இரும்பு பிடி கொள்ளாது, சரிவில் வழுக்கும். கோடு போடாத சாம்பல் நிற ரப்பர் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு அதைத்தான் போடுகிறார்கள். மிஸ்ஸஸ் டன்ஸ்டனே வந்து தரையைத் தடவிப் பார்க்கட்டும்.

நீங்கள் வாங்கப் போய் யாரோ எதையோ தலையில் கட்டுவதற்குப் பதில் நானே அனுப்புகிறேன். எங்கள் கிடங்கில் சும்மா கிடந்த சட்டம் ஒன்று இருக்கிறது. சக்கரங்களை மாற்றி, ஒவ்வொன்றிலும் காலால் அழுத்துகிற பிரேக் வைத்திருக்கிறேன். சரிவில் பாதி தூரம் ஏறியதும் ஆட்கள் மூச்சு வாங்க நிற்பார்கள். அப்போது மூன்று பிரேக்கையும் அழுத்திவிட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெட்டி ரயிலில் உன் பெயருக்கு வரும்.

சட்டத்தின் மேல் நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன். முதலாளி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

நெவில்


டாரன்வேல்
3 ஆகஸ்ட் 1964

நெவில்,

பெட்டி வந்தது. கோழிக்கூண்டுக்குப் பின்னால் மறைத்துவைத்தேன், ஹெக்டர் முட்டை எடுக்கப் போய்க் கண்டுபிடித்துவிட்டார். நான் மெல்பர்னுக்கு எழுதி எங்கிருந்தோ வரவழைத்ததாக நினைத்துக்கொண்டார். "எனக்காக இவ்வளவு மெனக்கெட்டியா?" என்று தலையில் முத்தம் கொடுத்தார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த முத்தம் எனக்கு உறைத்தது.

அவர் இல்லாத நேரத்தில் சட்டத்தைக் கொல்லையில் வைத்துப் பார்த்தேன். பிரேக்கை அழுத்தி இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். திருகாணி ஏதாவது தளர்வாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தேன், நெவில். மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லாம் இறுக்கமாக இருந்தது. அன்று வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மிஸ்ஸஸ் டன்ஸ்டன் ஒரு சக்கரத்தை வாங்கித் தரையில் தேய்த்துப் பார்த்து, கண்ணாடி போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டார். ஊரில் இப்போது நடனப் பேச்சுதான். நடனத்துக்குத் தரை வழுக்குவதற்காக, வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மெழுகு சீவிப் போட்டு, பிள்ளைகளைக் கோதுமைச் சாக்கில் உட்காரவைத்துத் தரை முழுக்க இழுக்கப்போகிறார்கள். உனக்குத் தெரியாததா? நீயே இழுத்தவன்தானே. வெள்ளி இரவு நடனம், சனி காலை பியானோ ஏற்றம்.

சனிக்கிழமை முடிந்ததும் உனக்கு ஒரு வரி எழுதுகிறேன். அதற்குப் பிறகு எழுத மாட்டேன். எழுதுவது சரியில்லை.

வெர்னா


ஃபுட்ஸ்க்ரே
7 ஆகஸ்ட் 1964, வெள்ளி மாலை

வெர்னா,

நிறுத்து. எப்படியாவது நிறுத்து.

சாக்கு. பிள்ளைகளை இழுக்கிற சாக்கு. கூடத்தில் இழுத்து முடித்ததும் பிள்ளைகள் விடமாட்டார்கள், சரிவில் இறக்கிவிடச் சொல்லி அழுவார்கள். எல்லா வருஷமும் அப்படித்தான். சாக்கின் அடியில் மெழுகு அப்பியிருக்கும். அந்தச் சாக்கோடு சரிவில் அவர்களைச் சறுக்கிவிட்டது நான்தான். அந்தப் பலகை பிறகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெறும் காலோடு நின்றாலே சறுக்கும்.

பிரேக் சக்கரத்தைத்தான் பூட்டும். மெழுகின் மேல் பூட்டிய சக்கரம் வெறும் சறுக்குக் கட்டை. கீழே இருப்பவர்கள் பிரேக்கை நம்பிக் கையை எடுப்பார்கள். நான்தான் அப்படி எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

சரிவைச் சலவைச் சோடாவும் வெந்நீரும் ஊற்றித் தேய்த்துக் காயவிடாமல் பியானோவைத் தொடக் கூடாது. மேலிருந்து கயிறு கட்டித் தூணில் சுற்ற வேண்டும். கயிற்றால் இழுக்க வேண்டும், கீழேயிருந்து தள்ளவே கூடாது. கீழே யாரும் நிற்கக் கூடாது. யாரும். ஒரு நிமிஷத்துக்குக்கூட.

தந்தி கொடுக்கப் போனேன், தபாலாபீஸ் மூடிவிட்டார்கள். உங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சும் ஆறு மணிக்கே தூங்கிவிட்டது. இதை ராத்திரி ரயிலின் கார்டு கையில் கொடுக்கிறேன். உங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் டக்கரிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். காலையில் எக்ஸ்சேஞ்ச் திறந்ததும் போன் செய்துகொண்டே இருப்பேன். மேவிஸ் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நெவில்


டாரன்வேல்
12 ஆகஸ்ட் 1964

நெவில்,

ஹெக்டர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ செய்த போன் யாருமில்லாத வீட்டில் அடித்துக்கொண்டே இருந்ததாக மேவிஸ் பிறகு சொன்னாள். எல்லோரும் மன்றத்தில் இருந்தோம். நான் சாப்பாட்டு அறையில் அவர்களுக்காக டீயும் ஸ்கோன் பன்னும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் டக்கர் உன் கடிதத்தோடு சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டு அங்கே என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்று படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் புரிந்தது.

பியானோ சரிவில் பாதி ஏறியிருந்தது. மூன்று பிரேக்கையும் அழுத்திவிட்டார்கள். மேலே இருந்த நான்கு பேரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஹெக்டர் மட்டும் நின்றிருந்தார். பியானோவில் முதுகைச் சாய்த்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"ஹெக்டர், அங்கேருந்து வாங்க" என்றேன். "டீ ரெடியா?" என்றார். "பிரேக் நிக்காது, பலகையில மெழுகு இருக்கு" என்றேன். மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். "நீ வாங்கிக் குடுத்த பிரேக்குதானேம்மா" என்று ஹெக்டரும் சிரித்தார். இடத்தை விட்டு அசையவில்லை. கிட்டே போய் இழுக்கவும் பயம், நான் தொட்டு அது நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று.

அதனால் கடிதத்தைப் படித்தேன். சத்தமாக, அத்தனை பேர் முன்னாலும், முதல் வரியிலிருந்து. சாக்கு, மெழுகு, "நான்தான் அப்படி எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்", எல்லாம். கடைசியில் உன் பெயரையும் படித்துவிட்டேன். மறைத்து ஒருவரை நம்பவைக்க எனக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸஸ் டன்ஸ்டன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஹெக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நெவிலா எழுதினது?" என்றார். "அந்தச் சக்கரம் அவன் அனுப்பினதா? எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் நடந்து வந்தார். கடிதத்தைப் பிடுங்கத்தான் வந்தார். நீ சொன்னதை நம்பி வரவில்லை, நெவில். கோபத்தில் வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது இன்னும் இருக்கிறது.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் அது கிளம்பியது. சக்கரம் ஒன்றுகூட உருளவில்லை. பூட்டியது பூட்டியபடியே இருந்தது. அப்படியே மெதுவாகச் சறுக்கிக்கொண்டு வந்தது. பிறகு மெதுவாக வரவில்லை. பரிமாறும் மேடையை உடைத்துக்கொண்டு சுவரில் போய் மோதியது. உள்ளே இருந்த கம்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. ஹெக்டர் அங்கேயே நின்றிருந்தால் அதோடு போய் மோதியிருப்பார்; பியானோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தட்டுகூட நுழைய இடமில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். என் கையை விட்டுவிட்டு வெளியே போய் வேலியோரம் வாந்தி எடுத்தார்.

அன்று முதல் பேக்கரியில் மாவு வைக்கிற அறையில்தான் படுக்கிறார். உனக்கு எதை எப்போது எழுதினேன் என்று எல்லாம் சொல்லிவிட்டேன், என்னோடு பேசுவதில்லை. ஊரில் பாதிப் பேர் நீ காப்பாற்றினாய் என்கிறார்கள். பாதிப் பேர் நீயே கண்ணி வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பயந்துபோய் எழுதினாய் என்கிறார்கள். என்னைப் பார்த்தால் இரண்டு கட்சியும் பேச்சை நிறுத்திக்கொள்கிறது.

நேற்றுக் காலை ரொட்டியை இறக்கும்போது ஹெக்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவன்கிட்ட ஒண்ணு கேட்டு எழுது. சாக்கு இழுக்கிறதை நீ எழுதின கடுதாசி புதன்கிழமையே அவன் கையில இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தான்?"

நான் எழுத மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அந்தக் கேள்வி என் மனதிலும் இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்றும் பயமாக இருக்கிறது. நம்மைப் பற்றி அவருக்கு இருக்கிற சந்தேகம் தீரவேண்டுமானால் இதற்கு ஒரு பதில் வேண்டும். எனக்கும் வேண்டும். எழுது.

வெர்னா


ஃபுட்ஸ்க்ரே
15 ஆகஸ்ட் 1964

வெர்னா,

சாக்கு பற்றி நீ எழுதிய கடிதம் போன வாரம் புதன்கிழமையே வந்தது. அன்றே படித்தேன். சாக்கு, மெழுகு என்ற வரியையும் படித்தேன். பிள்ளைகளை இழுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நீ பச்சை உடுப்பில் அந்தச் சரிவின் கீழே நின்று அவர்களைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. பிறகு தலையில் முத்தம் கொடுத்தார் என்ற வரியைப் படித்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வியாழன் முழுக்க வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பியானோவைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த ஆள் கீழ்ப்பக்கம் போய் நின்றான். "கீழே நிக்காதடா" என்று கத்தினேன். கத்தியதும்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அதன் பிறகு ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் அந்த மெழுகு வரி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருபது வருஷமாக இதே தொழில் செய்கிறவன் அதைப் படித்தும் ஏன் பார்க்கவில்லை என்று நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். ஸ்டானிடம்கூடப் போய்க் கேட்டேன். அவன் டீ போட எழுந்து போய்விட்டான்.

எனக்குத் தோன்றவில்லை, வெர்னா. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஹெக்டரிடம் இதை இப்படியே படித்துக் காட்டு.

நெவில்